விளைந்த ஊரின் காய், விளையும் மாதத்தின் சமையல்

உழவர் சந்தை என்பது விளைவித்தவரே நேரில் வந்து விற்கும் இடம். தரகர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடைக்காரர் என்று நீளும் வரிசை அங்கே கிடையாது. தோட்டத்துக்காரரும் வீட்டுக்குக் காய் வாங்க வந்தவரும் தராசின் இரு பக்கமும் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் 1999-இல் தொடங்கிய இந்த ஏற்பாடு கால் நூற்றாண்டைக் கடந்துவிட்டது. உழவர் சந்தை என்றதும் பேச்சு விலையைச் சுற்றியே போகிறது. ஆனால் அந்தச் சந்தை தழைப்பதும் தேய்வதும் வாங்குகிறவரின் சமையலைப் பொறுத்தது. சுற்றுவட்டாரத்தில் இந்த மாதம் எது விளைகிறதோ அதை ஆக்கத் தெரிந்த வீடுகள் நிறைந்த ஊரில்தான் உழவர் கொண்டுவந்த கூடை காலியாகும்.

மண்டி வழி

காய்கறி காத்திருக்காது. பறித்த தக்காளி இரண்டு மூன்று நாளில் இளகிவிடும். கீரை மாலைக்குள் வாடிவிடும். நெல்லையும் பருத்தியையும் போல விலை ஏறும்வரை மூட்டை கட்டி வைக்க முடியாது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களுக்கு 1930-களிலேயே சட்ட வழி பிறந்தது. ஆனாலும் அவை பெரும்பாலும் பருத்தி, நிலக்கடலை, நெல் போன்ற காய்ந்த விளைபொருள்களுக்கே பயன்பட்டன. காய்கறிக்கு வழியாக இருந்தது கமிஷன் மண்டிதான்.

மண்டியில் விலையைச் சொல்வது வாங்குகிறவர். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, வண்டி வாடகை, கமிஷன், எடைக்கழிவு எல்லாம் போக மீதிதான் விவசாயியின் கைக்கு வரும். விதைக்கும் உரத்துக்கும் மண்டிக்காரரிடமே முன்பணம் வாங்கியவருக்கு வேறு இடத்தில் விற்கும் வாய்ப்பும் இல்லை. இந்திய ரிசர்வ் வங்கி 2024-இல் வெளியிட்ட ஆய்வறிக்கைகளின் கணக்குப்படி, நுகர்வோர் தரும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் தக்காளி விவசாயிக்குச் சுமார் 33 ரூபாயும், வெங்காய விவசாயிக்கு 36 ரூபாயும், உருளைக்கிழங்கு விவசாயிக்கு 37 ரூபாயும்தான் போய்ச் சேர்கின்றன. மீதிப் பணம் முழுவதும் யாரோ ஒருவரின் கொள்ளை என்று சொல்லிவிட முடியாது. போக்குவரத்து, அழுகல், கடை வாடகை, கூலி எல்லாம் அதில் அடக்கம். ஆனால் வழி நீள நீளச் செலவும் சேதமும் கூடுகின்றன; அந்தச் சுமை விளைவித்தவர் தலையிலும் வாங்குகிறவர் தலையிலும் இறங்குகிறது.

1999, மதுரை அண்ணா நகர்

இந்த வரிசையைச் சுருக்கும் முயற்சி தமிழ்நாட்டுக்கு முன்பே பஞ்சாபில் நடந்தது. அங்கே 1987-இல் ‘அப்னி மண்டி’ என்ற பெயரில் விவசாயிகளின் நேரடிச் சந்தைகள் தொடங்கின. ஆந்திரத்தில் 1999 ஜனவரியில் ‘ரைத்து பஜார்’ வந்தது. அதே ஆண்டு நவம்பர் 14 அன்று, முதல்வர் மு. கருணாநிதியின் ஆட்சியில், தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை மதுரை அண்ணா நகரில் திறக்கப்பட்டது. ஏறக்குறைய ஓராண்டுக்குள் மாநிலமெங்கும் நூறு சந்தைகள் எழுந்தன.

2001-இல் ஆட்சி மாறியபின் திட்டம் அரசின் கவனத்தை இழந்தது. பல சந்தைகள் வெறும் கொட்டகைகளாயின. 2006-க்குப் பிறகு மூடிக் கிடந்தவை திறக்கப்பட்டன, புதியவையும் சேர்ந்தன. இன்று மாநிலத்தில் 180-க்கும் மேற்பட்ட உழவர் சந்தைகள் இருக்கின்றன. வேளாண்மை விற்பனை மற்றும் வேளாண் வணிகத் துறை இவற்றை நடத்துகிறது. கவனிப்பு குறைந்த அந்த ஆண்டுகளிலும் மக்கள் கூட்டம் குறையாத சந்தைகள் இருந்தன. சுற்றிலும் தோட்டக்கால் நிலமும், நடந்து போகும் தூரத்தில் குடியிருப்பும், வாடிக்கையாக வாங்கும் குடும்பங்களும் இருந்த இடங்களே அப்படித் தாக்குப்பிடித்தன.

சந்தை நடக்கும் முறை

உழவர் சந்தையில் கடை போட அடையாள அட்டை வேண்டும். நிலம் இருக்கிறதா, அதில் என்ன பயிர் நிற்கிறது என்பதைக் கிராம நிர்வாக அலுவலர் சான்றும் வேளாண்மை, தோட்டக்கலைத் துறைகளின் ஆய்வும் உறுதி செய்தபின் புகைப்படத்துடன் அட்டை வழங்கப்படுகிறது. வியாபாரிகள் உள்ளே புகுந்துவிடாமல் காக்கும் முதல் வேலி இதுதான்.

விடிவதற்கு முன்பே சந்தை உயிர்பெறுகிறது. முந்தைய மாலையோ அதிகாலையோ பறித்த காயை மூட்டையாகவும் கூடையாகவும் கட்டி, முதல் பேருந்திலும் சிறு வண்டிகளிலும் கொண்டுவருகிறார்கள். அரசுப் பேருந்துகளில் இந்தச் சுமைக்குக் கட்டணமில்லாச் சலுகை திட்டத்தின் தொடக்கத்திலேயே தரப்பட்டது. கடைக்கு வாடகை கிடையாது. தராசும் சந்தையே தருகிறது. காலை ஒன்பது, பத்து மணிக்குள் பெரும்பகுதி விற்பனை முடிந்து, விவசாயி காட்டு வேலைக்குத் திரும்பிவிடுவார்.

விலையை நாள்தோறும் சந்தையின் நிர்வாக அலுவலர் குறிக்கிறார். அருகிலுள்ள மொத்தச் சந்தையின் விலையும் வெளிக்கடைகளின் சில்லறை விலையும் திரட்டப்படுகின்றன. மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதலாகவும், சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவாகவும் அமையும்படி ஒவ்வொரு காய்க்கும் விலை குறித்து வாசலில் பலகையில் எழுதிவைக்கிறார்கள். விற்பவருக்கு மண்டியைவிடக் கூடுதல், வாங்குபவருக்குக் கடையைவிடக் குறைவு என்ற இரட்டைப் பயன் இப்படித்தான் பிறக்கிறது. முகம் தெரிந்த வாடிக்கைக்காரருக்குக் கொசுறாக ஒரு பிடி கறிவேப்பிலையும் மல்லித்தழையும் பைக்குள் விழும்.

காய் கைமாறும் இடங்கள் குறைந்தால் சேதமும் குறையும். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அறுவடைப் பின்நுட்ப நிறுவனம் 2015-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பழங்களிலும் காய்கறிகளிலும் அறுவடைக்குப் பின் வீணாவது வகைக்கு ஏற்ப 4.58 முதல் 15.88 சதவீதம்வரை. ஏற்றி, இறக்கி, கொட்டி, மறுபடி அள்ளும் ஒவ்வொரு முறையும் காய் அடிபடுகிறது. தோட்டத்திலிருந்து நேராகச் சந்தைக்கு வரும் கூடைக்கு அந்த அடி இல்லை.

சுவைக்கும் இதில் கணக்கு உண்டு. பச்சை மொச்சையிலும் பட்டாணியிலும் இருக்கும் இனிப்பு, பறித்த நேரத்திலிருந்தே மாவுச்சத்தாக மாறத் தொடங்குகிறது. கீரையின் வைட்டமின் சி வெப்பத்தில் வேகமாகக் குறைகிறது. நெடுந்தூரம் போக வேண்டிய தக்காளியைச் செங்காயாகவே பறிப்பார்கள். பக்கத்துச் சந்தைக்கு வருவதைச் செடியிலேயே பழுக்கவிடலாம்.

மழை எழுதும் பட்டியல்

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியை வடகிழக்குப் பருவமழை தருகிறது. கோவை, தேனி, நீலகிரி, கன்னியாகுமரி போன்ற மேற்குப் பகுதிகளுக்குத் தென்மேற்குப் பருவமும் உண்டு. ஆடிப்பட்டம், தைப்பட்டம் என்ற விதைப்புக் காலங்கள் இந்த மழைகளையும் வெயிலையும் ஒட்டி அமைந்தவை. சமையலின் காலக்கணக்கும் அதே வரிசையில்தான் வருகிறது.

மார்கழியும் தையும் நிறைவின் மாதங்கள். நாட்டு அவரை, மொச்சை, துவரை ஆகியவை பகல் குறுகும்போது பூக்கும் இயல்புடையவை. அதனால் ஆடியில் விதைத்த கொடி பனிக்காலத்தில் காய்த்துக் குலுங்கும். சேனை, சேம்பு, சிறுகிழங்கு, சர்க்கரைவள்ளி எல்லாம் அப்போது மண்ணிலிருந்து எடுக்கப்படுகின்றன. திருவாதிரைக் களிக்கு வைக்கும் பல காய்க் கூட்டும், பொங்கலன்று வைக்கும் பல காய்க் குழம்பும் இந்த விளைச்சலின் நேரடிப் பட்டியல். பரங்கி, அவரை, மொச்சை, வாழைக்காய், கத்தரி, சர்க்கரைவள்ளி, சேம்பு என்று சந்தையில் குவிந்து கிடப்பதெல்லாம் ஒரே பானைக்குள் போகிறது. தெற்கே தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் பனங்கிழங்கும் இதே மாதங்களில்தான் வரும்.

மாசி, பங்குனியில் மா பிஞ்சு விடுகிறது. கொட்டை முற்றுவதற்கு முன் பறித்த சிறு பிஞ்சுகளை உப்பும் மிளகாயும் கடுகும் மஞ்சளும் விளக்கெண்ணெயும் சேர்த்து ஊறவைத்தால் மாவடு. அந்தச் சில வாரங்களைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டுதான். முருங்கை காய்த்துத் தொங்குவதும் மாசியில் தொடங்கி ஆனிவரை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 என்ற செடிமுருங்கை விதைத்த ஆண்டிலேயே காய்க்கும். முருங்கை வரத்து பெருகும் இந்த மாதங்களில் விலை இறங்கும்.

சித்திரை, வைகாசி நீர்க்காய்களின் காலம். சுரை, வெள்ளரி, வெண்பூசணி ஆகியவை வெயிலுக்கு உகந்தவை. வெண்பூசணி மோர்க்குழம்பும் சுரைக்காய்க் கூட்டும் வயிற்றுக்கு இதமானவை. சித்திரை முதல் நாளின் மாங்காய்ப் பச்சடியில் வேப்பம்பூவும் சேர்வது, இரண்டும் ஒரே நேரத்தில் மரத்தில் இருப்பதால்தான். பண்ருட்டிப் பக்கத்துப் பலா வரத்து கூடும்போது சுளை தின்றபின் கொட்டை குழம்புக்கு வருகிறது. பலாக்கொட்டை, மாங்காய், முருங்கைக்காய் மூன்றும் சேர்ந்த குழம்பு கோடைக்கே உரியது.

ஆடி விதைப்பு மாதம். காய் வரத்து மெலியும். தானியமும் கீரையும் கை கொடுக்கும். அம்மன் கோயில்களில் ஊற்றும் கேழ்வரகுக் கூழும் அதற்குத் துணையாக வரும் முருங்கைக்கீரையும் அந்த மாதத்தின் இருப்பையே காட்டுகின்றன. சித்திரை, வைகாசியில் நட்ட சின்ன வெங்காயம் ஆடி, ஆவணியில் அறுவடையாகிறது. பெரம்பலூர், திண்டுக்கல், திருப்பூர் மாவட்டங்களில் அதைப் பட்டறை போட்டு மாதக்கணக்கில் காத்துவைக்கிறார்கள்.

ஆடியில் விதைத்த பீர்க்கு, புடலை, பாகல் புரட்டாசியில் பந்தலில் தொங்கும். பல வீடுகள் அந்த மாதத்தில் இறைச்சியை விட்டுவிடுவதால் காய்கறிக்குத் தேவை கூடும். ஐப்பசி, கார்த்திகையின் அடைமழை தக்காளியையும் தரையோடு வளரும் கீரையையும் அழுகவைக்கும், விலை ஏறும். அந்த நாள்களில் தூதுவளை ரசம், முடக்கத்தான் தோசை, பிரண்டைத் துவையல், கொள்ளுக் குழம்பு ஆகியவற்றுக்கு முறை வரும். வேலியிலும் வரப்பிலும் தாமே தழைக்கும் இலைகளும், களஞ்சியத்துப் பயறும் மழைக்காலப் பற்றாக்குறையை நிரப்புகின்றன.

மிகுதியைச் சேர்த்துவைத்தல்

பருவச் சமையலில் பாதி, பருவம் முடிந்தபின் உண்பதற்கான ஏற்பாடு. பங்குனி முதல் வைகாசிவரையிலான வெயில் தமிழ் வீடுகளின் உலர்கூடம். சுண்டைக்காய், மணத்தக்காளி, கொத்தவரை, பாகல், மோர்மிளகாய், மாங்காய் எல்லாம் உப்பிலும் மோரிலும் ஊறி மொட்டைமாடியில் காய்கின்றன. வெங்காயம் மலிந்தபோது இடித்து உருட்டிக் காயவைக்கும் தாளிப்பு வடகம் ஆண்டு முழுதும் குழம்புக்கு மணம் தருகிறது. கார்த்திகை மழையில் காய் கிடைக்காதபோது வத்தக்குழம்பு தட்டுக்கு வருவது இந்தச் சேமிப்பால்தான்.

விலை சரிவுக்கும் இது ஒரு தடுப்பு. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் தக்காளி வரத்து பெருகி, பறிக்கும் கூலிக்குக்கூட விலை போதாமல் செடியிலேயே விட்டுவிடும் ஆண்டுகள் உண்டு. அதே தக்காளி 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. அரசு ரேஷன் கடைகள் வழியாக 60 ரூபாய்க்கு விற்க வேண்டியிருந்தது. மலிவான மாதத்தில் தக்காளித் தொக்கு கிண்டி வைத்து, கிராக்கியான மாதத்தில் புளியையும் மாங்காய் வத்தலையும் ஆளும் வீடு, இரண்டு முனையிலும் விலையின் ஆட்டத்தைச் சற்றே தணிக்கிறது. ஒரு வீடு செய்தால் தெரியாது. ஊரே செய்தால் சந்தையில் தெரியும்.

ஊருக்கு ஊர் வேறு காய்

தொலைதூரச் சந்தைக்குப் போகும் காய், தோல் தடித்ததாகவும் ஒரே அளவாகவும் அடிபடாததாகவும் இருக்க வேண்டும். அதற்கேற்ற இரகங்கள் பரவும்போது மென்மையான நாட்டு இரகங்கள் பின்வாங்குகின்றன. பக்கத்துச் சந்தை இருந்தால்தான் அவற்றுக்கு வாழ்வு. வேலூர் முள்ளுக் கத்தரிக்காயும் இராமநாதபுரம் முண்டு மிளகாயும் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றன. கன்னியாகுமரியின் மட்டி வாழைப்பழமும் அதே ஆண்டில் பெற்றது. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-இலும், விருப்பாச்சி மலைவாழை 2008-இலும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றவை. குறியீடு பெயரைக் காக்கும். வாங்கிச் சமைக்கும் கைகள்தான் பயிரைக் காக்கும்.

உள்ளூர்க் காய் வாங்கினால் சுற்றுச்சூழல் கேடு பெருமளவு குறையும் என்றும் சொல்லப்படுகிறது. ஆனால் பல கணிப்புகளின்படி, உணவால் வெளியாகும் பசுங்குடில் வாயுக்களில் போக்குவரத்தின் பங்கு உலக அளவில் பத்தில் ஒன்றுக்கும் குறைவுதான். உள்ளூர்க் காயின் உறுதியான பயன்கள் வேறு இடத்தில் உள்ளன: விளைவித்தவருக்குக் கூடுதல் வருமானம், வாடாத காய், குறைந்த சேதம், வழக்கொழியாத இரகங்கள்.

வாங்கிவிட்டுத் தீர்மானிப்பது

பருவத்துச் சமையலின் முதல் விதி, சந்தைக்குப் போய்வந்த பிறகு குழம்பைத் தீர்மானிப்பது. குவிந்து கிடப்பதும் விலை இறங்கியிருப்பதும் எதுவோ அதுவே அந்த வாரத்தின் காய். காயைப் பார்த்து வாங்கும் பழைய அறிவு இங்கே பயன்படும். வெண்டையின் நுனி ஒடிய வேண்டும். கத்தரியின் காம்புத்தொப்பி பச்சையாகவும் காய் கனமில்லாமலும் இருக்க வேண்டும். சுரையில் நகம் எளிதாக இறங்கினால் பிஞ்சு.

இரண்டாம் விதி, செடியை முழுதாக ஆளுவது. பீர்க்கங்காயின் தோல் துவையலாகும். வாழையில் பூ, தண்டு, காய் மூன்றும் சமையலுக்கு வரும். முருங்கையில் காயைப் போலவே கீரையும் பூவும் உணவு. மூன்றாவது, காயின் இயல்பறிந்து சமைப்பது. பிடிகருணையும் சேம்பும் நாக்கை அரிப்பதற்குக் காரணம் அவற்றிலுள்ள கால்சியம் ஆக்சலேட் என்ற ஊசிபோன்ற படிகங்கள். நன்றாக வேகவைப்பதும் புளி சேர்ப்பதும் அந்த அரிப்பை அடக்குகின்றன. பிடிகருணை மசியலில் புளி இருப்பதன் காரணம் அதுவே. அன்று பறித்த பிஞ்சுக் காய்க்கு மசாலா அதிகம் வேண்டாம். கடுகு, உளுந்து தாளித்து ஒரு கைப்பிடி தேங்காய் தூவினாலே போதும்.

சந்தையின் குறைகள்

உழவர் சந்தை எல்லா விவசாயிகளுக்குமான தீர்வாகிவிடவில்லை. இரண்டு மூட்டைக் காய் கொண்டுவருபவருக்கு அது பொருந்தும். ஏக்கர் கணக்கில் தக்காளியோ முருங்கையோ போட்டவர் இன்னமும் மண்டியைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. ஒருவர் விற்க உட்கார்ந்தால் தோட்டத்தில் ஓர் ஆளின் காலை வேலை நின்றுபோகும். பிறர் அட்டையை வைத்துக்கொண்டு வியாபாரிகள் உள்ளே கடை போடுவதும், வாசலுக்கு வெளியே சாலையோரக் கடைகள் குவிவதும் பல ஊர்களில் எழும் புகார்கள். காலையிலேயே வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு இந்தச் சந்தையின் நேரம் ஒத்துவருவதில்லை. பேருந்தில் எளிதில் வர முடியாத இடத்தில் கட்டிய சந்தைகள் தொடக்கத்திலிருந்தே சோர்ந்து கிடக்கின்றன.

இவற்றில் சிலவற்றுக்கு வழி தேடப்பட்டிருக்கிறது. 2021-இல் தமிழ்நாட்டின் முதல் தனி வேளாண் நிதிநிலை அறிக்கை வந்தபோது, பழைய உழவர் சந்தைகளைப் புதுப்பிக்கவும் புதியவற்றைத் திறக்கவும் அறிவிப்புகள் இடம்பெற்றன. மாலை நேரத்தில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் சிறுதானியமும் பயறும் விற்கச் சில சந்தைகளில் இடம் தரப்பட்டது. வயல் ஆய்வை ஆண்டுக்கு ஒரு சடங்காக்காமல் பயிருக்குப் பயிர் நடத்தினால் போலி அட்டைகள் தாமே உதிரும்.

சிறு சந்தைகள் பல இருப்பதன் தேவையை 2020 காட்டியது. பெருந்தொற்றுக் காலத்தில் சென்னைக் கோயம்பேடு சந்தை தொற்றுப் பரவலின் மையமானதால் மே 5 அன்று மூடப்பட்டு, மொத்தக் காய்கறி வியாபாரம் திருமழிசைக்கு மாற்றப்பட்டது. ஒரே பெருஞ்சந்தையை நம்பிய நகரம் தடுமாறியது. மாவட்டங்களில் உழவர் சந்தைகள் பேருந்து நிலையங்களுக்கும் மைதானங்களுக்கும் இடம்பெயர்ந்து, இடைவெளி விட்டுக் கடை போட்டுத் தொடர்ந்து நடந்தன.

கட்டடமும் தராசும் விலைப்பலகையும் அரசு தர முடியும். விளைச்சலை மண் தரும். ஆனி மாதத்தில் பச்சை மொச்சை தேடாமலும், தை மாதத்தில் மாம்பழம் கேட்காமலும், சந்தையில் குவிந்திருப்பதை ஆசையோடு வாங்கி ஆக்கும் வழக்கத்தை வீடுகள்தான் தர வேண்டும். வாரத்தில் ஒரு நாளாவது உழவர் சந்தையில் வாங்குவதும், அந்த மாதத்துக் காய் ஒன்றையேனும் சமைக்கக் கற்பதும், மலிந்ததைக் காயவைத்துச் சேர்ப்பதும் எந்தக் குடும்பத்துக்கும் எட்டாத செயல்கள் அல்ல. உழவருக்கு உரிய விலை கிடைக்க வேண்டும் என்று விரும்புகிற சமூகம், அந்த விருப்பத்தைத் தன் அடுப்படியிலிருந்தே செயலாக்கத் தொடங்கலாம்.